பப்பாசிப் பால் எதை வெட்டும், எதை விடும்

முற்றல் ஆட்டிறைச்சி வந்துவிட்ட நாளில் அம்மம்மா வளவுப் பப்பாசியில் ஒரு காயைப் பறித்து, தோலோடு நாலு துண்டு சட்டிக்குள் போட்டுவிடுவார். காம்பில் வடியும் பால் விரலிடுக்கில் பட்டால் தோல் அரிக்கும். கிணற்றடிக்குப் போய்க் கழுவிவிட்டு வா என்பார். இறைச்சியை இளக்குவதும் விரலை அரிப்பதும் ஒன்றே: புரதங்களை வெட்டும் பப்பாயின் என்ற நொதியம்.

212 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம் அது. இரண்டு உருண்டைகளை ஒட்டவைத்தது போன்ற வடிவம். நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் ஒரு கரையில், 25ஆம் இடத்துச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம். எதிர்க்கரையில், 159ஆம் இடத்து ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலம். வேறொரு புரதச் சங்கிலி பள்ளத்தில் வந்து படுத்ததும், ஹிஸ்டிடீன் கந்தகத்திடமிருந்து ஐதரசனைப் பிடுங்கிக்கொள்கிறது. கந்தகம் சும்மா இருக்குமா? சங்கிலியின் பிணைப்பிலுள்ள காபன் அணுவைப் பற்றிக்கொள்கிறது. சங்கிலி அறுந்து ஒரு பாதி விலகுகிறது. ஒட்டிக்கொண்டு நிற்கும் மறுபாதியை ஒரு நீர் மூலக்கூறு வந்து கழற்றிவிடுகிறது. பள்ளம் காலி, அடுத்த சங்கிலி வரலாம்.

இத்தனை கூரான கத்தி தன் மரத்தையே வெட்டாதா? மரத்துக்குள் அது உறையோடுதான் இருக்கிறது. காயில் கீறல் விழுந்து பால் வெளியே வந்த பிறகே உறை கழன்று கூர் தெரிகிறது. இலை கடிக்கும் புழுக்களுக்கென்று மரம் வைத்திருக்கும் ஆயுதம் அது.

மருத்துவத்துக்கு இதை இழுத்து வந்த குணம் வேறு. இறுக முறுக்கிய தும்புக்கயிற்றில் நுனி அகப்படாது. பிரிந்த கயிற்றில் எங்கும் அகப்படும். பப்பாயினுக்கும் அப்படித்தான். நன்றாக மடிந்து இறுகிய புரதத்தில் அதன் பள்ளத்துக்குள் நுழையக்கூடிய இழை குறைவு. பச்சை இறைச்சியை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை அது அவ்வளவாகத் தொடுவதில்லை; சட்டி சூடேறிக் கொலாஜனின் முறுக்கு அவிழும்போதுதான் வேலை மும்முரமாகிறது. சுமார் 65 பாகையில் உச்சம். கொதி நீடித்தால் அதுவும் சிதைந்துபோகும்.

ஆறாத காற்புண்ணில் கிடக்கும் இறந்த திசுவும் முறுக்கவிழ்ந்த கயிறுதான். அதை அகற்றாமல் புதுத்தசை வளராது. இந்தக் காரணத்துக்காகவே பப்பாயின் களிம்புகள் பல காலம் புழங்கின. உயிருள்ள தசையைத் தொடவே தொடாது என்று சொல்வார்கள், அது மிகை. இரத்தத்தோடு வரும் காவற்புரதங்கள் நொதியத்தைப் பிடித்து அடக்குவதால் நல்ல திசு பெரும்பாலும் தப்புகிறது, அவ்வளவுதான். கடுமையான ஒவ்வாமை நேர்ந்ததால் 2008இல் அமெரிக்க அரசு, உரிய அங்கீகாரம் பெறாத அந்தக் களிம்புகளை விற்கத் தடை விதித்தது. எனவே வளவுக் காயைக் கீறிப் பாலைப் புண்ணில் தடவுகிறேன் என்று யாரும் புறப்பட வேண்டாம். அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமலெயின் என்ற இன்னொரு நொதியத்துக்கு நல்ல காலம்: தீப்புண்ணின் கருகிய தோலை நான்கு மணி நேரத்தில் கரைத்தெடுக்கும் மருந்தாக 2012இல் ஐரோப்பாவிலும் 2022இல் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது.

ஆனால் எனக்குப் பிடித்த கதை புண்ணைப் பற்றியது அல்ல. 1959இல் ரொட்னி போர்ட்டர் என்ற பிரித்தானிய விஞ்ஞானி, உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளைக் கவ்விப் பிடிக்கும் புரதமான பிறபொருளெதிரியைப் பப்பாயினிடம் கொடுத்தார். தூள் தூளாகவில்லை; மூன்றே துண்டு. ஒய் எழுத்து வடிவான அந்தப் புரதத்தில் இரு கைகளும் காலும் இறுகி மடிந்தவை. அவை சேரும் மூட்டு மட்டும் தளர்ந்தது. பப்பாயின் அங்கேதான் வெட்டியது. பிறபொருளெதிரியின் அமைப்பை விளக்கியதற்காக 1972 நொபெல் பரிசில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

யாழ்ப்பாணத்துக்கு அதில் என்ன வேலை? எங்கள் வேலிகளில் பூசைக்குப் பூக்கொடுக்கும் மஞ்சள் அலரி இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சும் கொண்டது. இங்குள்ள வைத்தியர்கள் நெடுங்காலமாக அதனோடு போராடி வந்தவர்கள். அந்த நஞ்சு டிஜொக்சின் என்ற இதய மருந்தின் உறவு. டிஜொக்சினுக்கு எதிராகச் செம்மறியின் உடலில் உருவாகும் பிறபொருளெதிரியை எடுத்து, பப்பாயினால் வெட்டி, கைகளை மட்டும் பிரித்து ஊசியாக ஏற்றலாம். முழுப் பிறபொருளெதிரியில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் ஒரு கை. திசுக்களுக்குள் விரைவாகப் பரவி நஞ்சைக் கவ்விக்கொள்கிறது. அலரி நஞ்சுக்கும் அது கேட்கிறது என்பதைக் கொழும்பில் நடந்த ஆய்வு 2000இல் காட்டியது. விலைதான் எட்டவில்லை.

வெட்டி முடித்த பப்பாயினைக் கழுவி அகற்றினாலும் துளி எச்சம் இருக்கலாம். அதனால் இம்மருந்தின் குறிப்புத்தாளில் ஒரு எச்சரிக்கை உண்டு: நோயாளிக்குப் பப்பாசி ஒத்துக்கொள்ளாதா என்று முதலில் கேளுங்கள்.