நனைந்தால் வலுக்கும் துணி

வீட்டு விருந்துகளில் டிஷ்யூ தாளை நிறுத்திவிட்டுத் துணி நாப்கின்களுக்கு மாறியிருக்கும் ஒரு வாசகி, சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். குப்பையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பருத்தி நாப்கின்கள் இரண்டு டஜன் வாங்கி, மேசையில் அழகாக மடித்து வைத்திருக்கிறார். ஆனால் விருந்தினர் துடைக்கத் துடைக்க ஈரம் கையிலேயே இடம் மாறிக்கொண்டிருந்ததே தவிர, துணிக்குள் இறங்கவில்லையாம். பருத்தி நீரை உறிஞ்சும் என்றுதானே படித்தோம், பிறகு ஏன் இப்படி என்று கேட்கிறார்.

பதில் எழுதுமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். மடிப்புக் கலையாத புதிய நாப்கின் ஒன்றையும், பல ஆண்டுகள் துவைத்து நைந்துபோன பருத்திப் படுக்கை விரிப்பின் துண்டு ஒன்றையும் அருகருகே விரித்து, இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டேன். புதிய துணியின் மேல் அந்தச் சொட்டு கண்ணாடி மணிபோலத் திரண்டு நின்றது. அதன் அடியில் நூலிழைகள் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பெருத்துத் தெரிந்தன. பழைய துணியிலோ சொட்டு விழுந்த நொடியே மறைந்து, ஊடும் பாவுமாக ஓடும் நூல்களின் வழியே ஈரம் பரவி ஒரு கரும்பொட்டாக விரிந்தது.

பருத்தி இழை என்பது விதையின் மேல் முளைக்கும் ஒற்றைச் செல் முடி. அதில் பெரும்பகுதி செல்லுலோஸ். 1838-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென் தாவரங்களிலிருந்து பிரித்தறிந்த பொருள் இது. குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த இந்தச் சங்கிலியில், ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தவை) நீட்டிக்கொண்டிருப்பதால், நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பின் மூலம் அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. பார்வைக்கு உலர்ந்திருக்கும் பருத்தித் துணிகூட, சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் தன் எடையில் 7 அல்லது 8 சதவீத நீரைக் காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அந்த அளவு அரை சதவீதத்தைக்கூட எட்டாது.

ஆனால் கையைத் துடைக்கும்போது நடக்கும் வேலையில் பெரும்பங்கு இழைக்குள் நடப்பதன்று, இழைகளுக்கு இடையில் நடப்பது. மெல்லிய இடைவெளிக்குள் நீர் தானாகவே ஏறுவதை நுண்துளைக் கவர்ச்சி என்று பள்ளியில் படித்ததுதான். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள இடைவெளி ஒன்று, கணக்குப்படி சுமார் 1.5 மீட்டர் உயரம்வரை நீரை இழுத்து நிறுத்த வல்லது. இதற்கு ஒரே நிபந்தனை, இடைவெளியின் சுவர் நீரை விரும்ப வேண்டும் என்பதே. அந்தச் சுவரில் மெழுகோ எண்ணெயோ மெல்லிய படலமாகப் படிந்துவிட்டால், நீரை உள்ளே இழுத்த அதே அழுத்தம் திசை மாறி வெளியே தள்ளத் தொடங்கிவிடும்.

வாசகியின் நாப்கின்களில் நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். பருத்தி தன் மேல் இயற்கையாகவே ஒரு சதவீதத்துக்கும் குறைவான மெழுகைச் சுமந்து வருகிறது. ஆலையில் காரக் கரைசலில் கொதிக்க வைத்து அதை நீக்கிவிடுகிறார்கள். ஆனால் அதன்பின் துணி மென்மையாக இருக்கவும் சுருங்காமல் இருக்கவும் சிலிக்கோனும் பிசினும் ஏற்றி அனுப்புவதுண்டு. சில முறை வெந்நீரில் சோப்புத்தூளிட்டு அலசினால் மென்மைக்காக ஏற்றியதில் பெரும்பகுதி போய்விடும். அலசி முடித்தபின் துணி மென்மையாக்கும் திரவத்தை மட்டும் ஊற்றவே கூடாது. அதிலுள்ள மூலக்கூறுகளின் தலைப்பகுதி நேர்மின்னூட்டம் உடையது. நீரில் சற்றே எதிர்மின்னூட்டம் கொள்ளும் பருத்தியில் அந்தத் தலை ஒட்டிக்கொள்ள, கொழுப்பாலான வால் வெளிப்பக்கம் நீட்டி நிற்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பருத்திக்கு நாமே மீண்டும் மெழுகு பூசுவது போன்றது அது.

இனி, இந்த விஷயத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். டிஷ்யூ தாளும் செல்லுலோஸ்தான், பருத்தித் துணியும் செல்லுலோஸ்தான். அப்படியிருக்க, நனைந்த தாள் விரலில் திரிதிரியாக ஒட்டிக் கிழிகிறது. நனைந்த துணியையோ முறுக்கிப் பிழிந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. தாளில் இருப்பவை ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள மர இழைகள். கூழாகப் பரப்பி உலர்த்தும்போது, ஓர் இழையின் ஹைட்ராக்சிலும் அடுத்த இழையின் ஹைட்ராக்சிலும் கைகோத்துக்கொள்கின்றன. தாளின் வலிமை பெரும்பாலும் அந்தக் கைகோப்பில்தான் இருக்கிறது. நீர் வந்ததும் நடுவே புகுந்து இரு பக்கமும் தானே கைகொடுத்துவிடுவதால், இழைகள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. ஈரத்தைத் தாங்கவென்று தனிப் பிசின் சேர்க்காத தாள், நனைந்தால் தன் வலிமையில் பத்தில் ஒரு பங்கைக்கூட மிச்சம் வைப்பதில்லை.

துணியில் அதே நீர் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள பருத்தி இழைகளை நூலில் பிடித்து வைத்திருப்பது முறுக்கும் உராய்வுமே. நனைந்த இழை நீளத்தில் ஒரு சதவீத அளவே நீளும். ஆனால் குறுக்கில் ஐந்தில் ஒரு பங்குவரை பருத்துவிடும். முறுக்கிய நூலுக்குள் ஒவ்வோர் இழையும் இப்படிப் பருக்கும்போது, விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, பிடி இன்னும் இறுகுகிறது. நனைந்த பருத்திக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க நகம் தேயப் போராடியவர்களுக்கு இது கைப்பட்ட அனுபவம். இழைக்குள்ளும் ஒரு மாற்றம் நிகழ்கிறது: நீர் புகுந்து சங்கிலிகளைச் சற்றே நெகிழ்த்துவதால், இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் பல சங்கிலிகளுக்கும் பகிர்ந்து போகிறது. அதனால் ஈரப் பருத்தி உலர்ந்த பருத்தியைவிட 10 முதல் 20 சதவீதம்வரை வலுவானது. மரக்கூழைக் கரைத்து இழையாக்கும் ரேயானும் செல்லுலோஸ்தான் என்றாலும், அதன் சங்கிலிகள் மிகக் குட்டையானவை. நனைந்தால் பாதி வலிமை போய்விடும். நாப்கின் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வெயிலில் காய்ந்த துணி விறைத்துப்போகிறது, அதற்காகத்தான் மென்மையாக்கும் திரவம் ஊற்றுகிறோம் என்பார்கள். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் இணைந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இழைகளின் பரப்பில் காய்ந்த பின்னும் விடாமல் பற்றி எஞ்சி நிற்கும் பிணைவு நீரே பசைபோல அவற்றை ஒட்டவைத்து விறைப்பாக்குகிறது என்று காட்டினார்கள். காய்ந்த துணியை இரு கைகளாலும் கசக்கி உதறினாலே அந்த ஒட்டு விட்டுப்போகும். துண்டு ஏன் விறைக்கிறது என்ற கேள்விக்கும் நுண்ணோக்கியும் ஆய்வாளர்களின் உழைப்பும் ஒதுக்கப்பட்டன என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ராக்கெட்டுக்கு நிதி கேட்பது எளிது. வீட்டுக் கொடியில் காயும் துணிக்கு யாரும் கேட்பதில்லை. உலகில் ஒவ்வொரு வீடும் துணி துவைக்கிறது என்பதை நிதி ஒதுக்குபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சூழலுக்குத் துணி நாப்கின் உண்மையிலேயே நல்லதா என்றால், கணக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்ததன்று. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மழைநீரும் பாசன நீரும் அதில் அடங்கும். 50 கிராம் எடையுள்ள ஒரு நாப்கினின் பங்கு 500 லிட்டர். பத்துப் பதினைந்து விருந்தோடு அலமாரிக்குள் முடங்கினால், அந்த நாப்கினால் பயனில்லை. நூற்றுக்கணக்கான முறை துவைத்தால்தான் அது தன் கடனை அடைக்கும். துவைப்பதில் பெரிய செலவு சூடுதான். ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 147 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டரைத் துணியிலிருந்து ஆவியாக்கச் சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும், அதாவது பதினாறு மடங்கு. ஆகவே மின் உலர்த்தியை அணைத்துவிட்டுக் கொடியில் போடுவதே, சோப்புத்தூளையோ நீரையோ மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய சேமிப்பு. சுகாதாரம் பற்றிய அச்சத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: பாக்டீரியா பெருக ஈரம் வேண்டும், ஈரத்தோடு சுருட்டிப் போட்ட துணிதான் நாறும், நன்றாகத் துவைத்து முற்றக் காய்ந்த துணியைப் பற்றி அஞ்சத் தேவையில்லை.

வாசகிக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. வாங்கிய நாப்கின்களை நான்கைந்து முறை வெந்நீரில் அலசி, ஒவ்வொரு முறையும் காய்ந்தபின் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் சொட்டு மறைந்தால் துணி தயார். இனி நாப்கின் தேவைப்பட்டால் வாங்காதீர்கள். நைந்துபோன பருத்தி விரிப்பு ஒன்றைச் சதுரமாக வெட்டி, பிரியாமல் இருக்க நான்கு ஓரங்களையும் மடித்துத் தையுங்கள். ஆலையில் ஏற்றியதெல்லாம் என்றோ கரைந்துபோன துணி அது. முதல் நாளே சொட்டைக் குடித்துவிடும்.