ஒப்பளவு

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நம் எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் இருக்கும். மேலே 'பயாலஜிக்கல் ரெஃபரன்ஸ் இன்டர்வெல்' என்று போட்டிருப்பார்கள். நம் எண் அதற்குள் இருந்தால் நிம்மதி. கொஞ்சம் தாண்டி, தடித்த எழுத்தில் அச்சாகிவிட்டால் வயிற்றைக் கலக்கும். இந்த 'ரெஃபரன்ஸ்' என்ற சொல்லைத் தமிழில் 'இயல்பு அளவு' என்று எழுதிவிடுகிறோம். ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவற்றை உடலில் அளக்கும்போது இது பெரிய தவறாகிவிடுகிறது.

சொல்லின் வேர் லத்தீன். 'ரெஃபெர்ரே' என்றால் திரும்பக் கொண்டுபோவது. ஒன்றை இன்னொன்றிடம் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஆய்வகங்களில் 'நார்மல் வேல்யூ' என்ற பெயர்தான் இருந்தது. 1969-இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிராஸ்பெக், சாரிஸ் இருவரும் அதற்கு மாற்றாக 'ரெஃபரன்ஸ் வேல்யூ' என்பதை முன்வைத்தார்கள். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் 'நார்மல்' என்றால் அதற்கு என்ன பொருள்?

ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் ரத்தத்துக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வைத்த எண், டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 3.5 மைக்ரோகிராம். இது ஆபத்து தொடங்கும் இடம் அல்ல. அந்நாட்டில் 1 முதல் 5 வயது வரையுள்ள 1,000 குழந்தைகளை ஈய அளவின்படி வரிசையாக நிறுத்தினால், 975 பேர் இந்த எண்ணைத் தாண்டமாட்டார்கள். அதற்கு மேலே இருக்கும் குழந்தைக்கு மற்றவர்களைவிட ஈயம் அதிகம் சேர்ந்திருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள் என்பதே செய்தி. கீழே இருந்தால் கவலையில்லை என்று அது சொல்லவில்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தை நினைத்தால் இன்னும் தெளிவாகும். 1976–80 காலத்தில் அமெரிக்கச் சிறு குழந்தைகளின் சராசரியே சுமார் 15. அன்று 15 இருந்த குழந்தை முற்றிலும் 'இயல்பான' குழந்தை! ஊரே பாதிக்கப்பட்டிருந்தால் பாதிப்பே இயல்பாகிவிடும்.

அதனால் 'இயல்பு அளவு' வேண்டாம். 'மேற்கோள் மதிப்பு' என்பதும் பொருந்தாது. மேற்கோள் என்றால் நமக்கு எடுத்துக்காட்டிய வரிதான் நினைவுக்கு வரும். 'வரம்பு' இன்னும் மோசம், மீறினாலே குற்றம் என்ற தொனி அதில் உண்டு. என் தேர்வு 'ஒப்பளவு'. யாரோடு ஒப்பு என்ற கேள்வியை அந்தச் சொல்லே கிளப்பிவிடும்.

அப்புறம், ஒப்பளவைத் தாண்டியதெல்லாம் நஞ்சும் அல்ல. முந்தின நாள் இறால் தொக்கு சாப்பிட்டுவிட்டுச் சிறுநீர் கொடுத்தால் மொத்த ஆர்சனிக் எகிறியிருக்கும். கடல் உணவில் பெரும்பாலும் இருப்பது ஆர்சனோபீட்டைன் என்ற கரிம வகை ஆர்சனிக். அது தீங்கு செய்யாமல் சில நாட்களில் வெளியேறிவிடும். கிணற்று நீர் வழியே வரும் கனிம ஆர்சனிக்தான் கெடுதல். இரண்டையும் பிரித்து அளக்கச் சொல்ல வேண்டும், அல்லது மூன்று நான்கு நாள் மீன் வகைகளை விட்டுவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும்.

உடல்நலத்தைக் கருதியே வகுத்த எண்களும் உண்டு. ஜெர்மனியில் ரத்தப் பாதரசத்துக்கு இரண்டு படிகள் வைத்திருக்கிறார்கள்: லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வரை கவலையில்லை, 15-ஐத் தாண்டினால் உடனே குறைக்க வழி தேட வேண்டும். அந்த 15-ஐ 'வரம்பு' என்று தாராளமாக எழுதலாம்.