டெசிமேட்: பத்தில் ஒன்றா, முழுவதுமா?

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'நோய் தாக்கி மான் கூட்டம் அடியோடு அழிந்தது' என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே 'எஞ்சிய மான்கள் மலைப்பக்கம் நகர்ந்தன' என்று வந்தது. அடியோடு அழிந்த பிறகு எஞ்சியது எப்படி? ஆங்கில மூலத்தில் இருந்த வினை டெசிமேட் (decimate). குழப்பம் அங்கேதான்.

லத்தீனில் டெகெம் என்றால் பத்து, டெகிமுஸ் என்றால் பத்தாவது. அதிலிருந்து டெகிமாரே, அதாவது பத்தில் ஒன்றை எடுத்தல். எடுப்பது பொருளாகவும் இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம். ரோமானியப் படையில் அது உயிர்தான். போரில் புறமுதுகு காட்டிய படைப்பிரிவில் சீட்டுப் போட்டுப் பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் பொறுக்குவார்கள். சீட்டு விழுந்தவரைச் சக வீரர்களே அடித்துக் கொல்ல வேண்டும். தப்பியவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் வாற்கோதுமைதான் உணவு. பாசறை அரணுக்கு வெளியேதான் தங்க வேண்டும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் இதை விவரமாக எழுதியிருக்கிறார். அதிகம் பேசப்படுவது கி.மு. 71இல் நடந்தது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடிய 500 பேரை ரோமானியத் தளபதி கிராசுஸ் ஐம்பது பிரிவாக்கி, பிரிவுக்கு ஒருவரைக் கொன்றார் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

இந்தத் தண்டனையில் கவனிக்க வேண்டியது, சாவு ஒருவருக்கு, பாடம் ஒன்பது பேருக்கு. எஞ்சியவர்கள் இல்லாமல் டெசிமேட் கிடையாது.

ஆங்கிலத்தில் இதற்கு வரி என்ற பொருளும் இருந்தது. 1655இல் இங்கிலாந்தில் மன்னர் இல்லாமல் நடந்த கிராம்வெல் ஆட்சி, மன்னர் கட்சிக்காரர்களின் சொத்து வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாக வாங்கியது. அதன் பெயரே டெசிமேஷன் வரி. தமிழ் விவிலியத்தில் வரும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, நினைவுக்கு வருகிறதா? சும்மா வரவில்லை. வடமொழியின் தசம, லத்தீனின் டெகிமுஸ் இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்தவை. தசமி, தசம எண் எல்லாம் இந்தக் கொலைகாரச் சொல்லுக்கு உறவு. டிசம்பரும்தான், மார்ச்சில் ஆண்டு தொடங்கிய காலத்தில் அது பத்தாம் மாதம்.

சரி, இன்றைய பொருள்? 'பெரும்பகுதியை அழித்தல்'. இது 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பத்தில் ஒன்றுக்கு மட்டும்தான் இந்தச் சொல் என்று இன்னும் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் டிசம்பரையும் அக்டோபருக்கு முன்னால் தள்ள வேண்டியிருக்கும். ஆனால் முழு அழிவுக்கு இதைப் போடுவது எனக்கும் உறுத்துகிறது. அதற்கு அனிஹிலேட் இருக்கிறது. அதன் வேரான நிஹில் என்பதற்கே 'ஒன்றுமில்லை' என்றுதான் பொருள். அப்புறம், டெசிமேட் எண்ணிக்கை உள்ள தொகுதிக்குத்தான் பொருந்தும்: படை, மந்தை, மக்கள்தொகை. ஒரு தனி மனிதரையோ ஒரே ஒரு மரத்தையோ டெசிமேட் செய்தார்கள் என்பது பொருந்தாது.

ஒலி, படம் போன்றவற்றை அளந்தெடுத்த எண்களாக (மாதிரிகளாக) கையாளும் சிக்னல் பிராசஸிங்கில் இது தலைகீழாகிவிட்டது. பத்து மடங்கு டெசிமேட் செய் என்றால் பத்து மாதிரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை விட்டுவிடுவார்கள். அங்கே மாதிரிக் குறைப்பு என்றால் போதும்.

பொதுவான பொருளுக்குத் தமிழில் ஒற்றைச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. 'பெரும்பகுதியை அழி', 'பெருமளவு மாண்டனர்' போன்ற தொடர்களே போதும். சூறையாடு என்றால் கொள்ளை வாடை வருகிறது. துவம்சம் செய் என்பது விளையாட்டுச் செய்திக்குப் பொருந்தும், சாவுக்குப் பொருந்தாது. பழைய ரோமானியத் தண்டனையைச் சொல்லும்போது மட்டும் 'பத்தில் ஒருவரைக் கொல்லுதல்' என்று விரித்தே எழுதிவிடலாம்.

அந்த மான் வரியை 'நோயில் கூட்டத்தின் பெரும்பகுதி மாண்டது' என்று மாற்றினேன். அடுத்த வரியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.