பூட்டு இருக்கிறது, போடவில்லை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறு கடைக்கு மாதாமாதம் சம்பளக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். மறுநாள் 15, ஈபிஎஃப் (ஊழியர் சேம நிதி) கட்டக் கடைசி நாள். ஊழியர் ஒருவரின் சம்பளம் 2,400 ரிங்கிட்டிலிருந்து 2,600 ஆகி மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆனால் எக்செல் ஷீட்டில் அவருக்காக முதலாளி கட்டும் ஈபிஎஃப் பங்கு 312-லேயே நிற்கிறது. 13 விழுக்காட்டுக்கு 338 வர வேண்டும். கட்டத்தைச் சொடுக்கினால் ஃபார்முலாவைக் காணோம், வெறும் எண்தான். யாரோ மேலேயே தட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, அந்த ஷீட் லாக் பண்ணித்தானே இருக்கு?" என்றார் கணக்கு எழுதும் தம்பி. ஷீட் பூட்டித்தான் இருந்தது. அந்த வரிசைதான் திறந்திருந்தது.

எக்செல்லில் ஒவ்வொரு கட்டமும் பிறக்கும்போதே 'லாக்டு' (பூட்டியது) என்ற குறியோடுதான் பிறக்கிறது. ஆனால் ரிவியூ பட்டியலில் 'புரொடெக்ட் ஷீட்' கொடுக்கும்வரை அந்தக் குறிக்கு வேலையே இல்லை. எழுத வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் குறியை எடுத்துவிட்டு அப்புறம் ஷீட்டைப் பூட்டுவார்கள். தம்பி குறியை எடுக்கும்போது மவுஸ் ஒரு வரிசை கூடுதலாக நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதுதான் ஆபத்து.

அதனால் நான் நிறம் பூசிவிடுகிறேன். ஷீட்டைப் பூட்டுவதற்கு முன்னாலேயே பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், நியூ ரூல் என்று போய், ஃபார்முலா கேட்கும் வகையை எடுங்கள். பகுதி ஏ1-இல் தொடங்கினால் எழுத வேண்டியது இது (ஒலியைத் தமிழில் தருகிறேன், தட்டுவது ஆங்கில எழுத்தில்):

=செல்("புரொடெக்ட்",ஏ1)=1

லாக்டு குறி உள்ள கட்டங்கள் எல்லாம் நிறம் மாறும். ஏ1-க்கு டாலர் குறி போட்டுவிடாதீர்கள். போட்டால் எல்லாக் கட்டமும் அந்த ஒரே கட்டத்தைத்தான் பார்க்கும்.

உண்மையைச் சொன்னால், பூட்டிய கட்டத்துக்கு நிறம் பூசி எனக்குப் பெரிய பயன் இல்லை. பாதி ஷீட் சாம்பலாகிவிடும், கண்ணும் பழகிவிடும். நான் தேடுவது ஃபார்முலா இருந்தும் திறந்து கிடக்கும் கட்டத்தை:

=ஆண்ட்(இஸ்ஃபார்முலா(ஏ1),செல்("புரொடெக்ட்",ஏ1)=0)

இதற்குச் சிவப்பு. எக்செல் 2013 முதல் இது வேலை செய்யும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஷீட்டில் ஒரு சிவப்புகூட வராது. ஆனால் ஃபார்முலாவின் மேல் ஏற்கெனவே எண்ணைத் தட்டியிருந்தால் இது காட்டாது. அங்கேதான் ஃபார்முலாவே இல்லையே. ஆகவே ஷீட்டை மற்றவர் கையில் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்த நிறங்கள் குறியை மட்டும்தான் படிக்கின்றன. ஷீட்டையே பூட்ட மறந்தாலும் நிறம் அப்படியேதான் இருக்கும்.

விட்டுப்போன 78 ரிங்கிட்டையும் தாமதக் கட்டணத்தையும் முதலாளிதான் கட்டினார். அவர் பங்கை ஊழியர் சம்பளத்தில் பிடிக்க முடியாதல்லவா. தம்பியின் ஷீட்டில் அந்தச் சிவப்பு விதியை அன்றிரவே போட்டேன். இன்னும் இரண்டு கட்டம் சிவந்தது.