விசுவாசம்: சுவாசம் உள்ளிருக்கும் ஒரு சொல்

பாளையங்கோட்டையில் இறையியல் மாணவர்களுக்குக் கிரேக்கம் சொல்லித் தருகிறேன். புதிய ஏற்பாட்டுப் பாடம் தொடங்கிய சில நாட்களிலேயே ‘பிஸ்திஸ்’ என்ற சொல் வந்துவிடும். ‘விசுவாசம்’ என்று பலகையில் எழுதிவிட்டு மேலே போவது வழக்கம். ஒருமுறை பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “சார், எங்க வீட்டு நாயையும் விசுவாசமான நாய்னுதான சொல்லுதோம்? அதுவும் இதுவும் ஒண்ணா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று முழு வகுப்பும் அந்தக் கேள்விக்கே போனது.

விசுவாசம் வடசொல். ‘சுவஸ்’ என்ற வேருக்கு மூச்சுவிடுதல் என்று பொருள். சுவாசம் பிறந்ததும் அதிலிருந்துதான். முன்னால் ‘வி’ சேர்ந்தால் அச்சம் நீங்கித் தாராளமாக மூச்சுவிடுதல் என்றாகும். வெயிலில் அலைந்து வந்தவர் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘அப்பாடா’ என்கிறாரே, கிட்டத்தட்ட அந்த மூச்சு. யாரிடத்தில் பயமில்லாமல் மூச்சுவிட முடிகிறதோ அவரை நம்புகிறோம். இப்படித்தான் இந்தச் சொல்லுக்கு நம்புதல் என்ற பொருள் வந்தது.

தமிழுக்கு வந்த பிறகு அது இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டது. ஊர்ப்பேச்சில் விசுவாசம் என்றால் மாறாத பற்று. நாய்க்கு உண்டு, பல வருடமாக ஒரே கடையில் வேலை பார்ப்பவருக்கு உண்டு, கட்சித் தலைவருக்கும் ‘விசுவாசிகள்’ உண்டு. கோயிலுக்குள் (எங்கள் பக்கத்தில் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்) அதே சொல்லுக்குக் கடவுளை ஏற்று நம்புதல் என்று பொருள். அதிலும் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. உவரி, மணப்பாடு போன்ற கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களின் பழைய செபத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்பார்கள். சீர்திருத்த சபை ஊர்களான மெஞ்ஞானபுரத்திலும் இடையன்குடியிலும் விசுவாசப்பிரமாணம் (எதை நம்புகிறோம் என்று சபையாகச் சொல்லும் அறிக்கை) சொல்லும்போது ‘விசுவாசிக்கிறேன்’ என்போம். ஓர் எழுத்து நீளுவதை வைத்தே வயதானவர்கள் எந்தச் சபை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரேயத்தில் இதற்கு நேரான சொல் ‘எமுனா’. அசையாத உறுதி, வாக்குமாறாமை என்பது அதன் அடிப்படை. ‘ஆமென்’ பிறந்த வேரும் அதுவே. (நம் ‘ஆம்’ ஒலியில் நெருங்கினாலும் அதற்கு உறவில்லை; பிரசங்கத்தில் சேர்த்துச் சொல்வதை நான் திருத்துவதுண்டு.) “தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்” என்று ஆபகூக் புத்தகத்தில் வருவது இந்த எமுனாதான். கிரேக்கப் ‘பிஸ்திஸ்’ நம்புதலையும் குறிக்கும், நம்பத்தக்கவராக இருப்பதையும் குறிக்கும். 1871இல் வெளிவந்த ‘பழைய திருப்புதல்’ என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பைப் பாருங்கள். இடையன்குடி கால்டுவெல்லும் அதன் மொழிபெயர்ப்புக் குழுவில் இருந்தார். ரோமர் 3:3இல் பிஸ்திஸ் கடவுளைப் பற்றி வருவதால் அங்கே “தேவனுடைய உண்மை” என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மனிதனைப் பற்றி வரும்போது விசுவாசம், கடவுளைப் பற்றி வரும்போது உண்மை. மூலத்தில் இரண்டும் ஒரே சொல். ஆகவே, வாசலை விட்டு நகராத அந்த நாயைச் சொல்லும்போது நம் ஊர்ப்பேச்சு வேதத்துக்கு அருகிலேயே நிற்கிறது. கோயிலில்தான் மாறாமல் நிற்பது என்ற அந்தப் பாதியை மறந்துவிட்டோம்.

மறந்ததால் என்ன ஆகிறது என்பதை நேரில் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலில் புண் வந்து ஆறவில்லை. நான் பார்க்கப் போனபோது கால் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “எனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லுதாவ ஐயா” என்றுதான் அழுதார்கள். மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டிய சொல் அவர்கள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. விசுவாசத்தைப் படி போட்டு அளந்து, இவருக்கு நாழி, அவருக்கு உழக்கு என்று சொல்லும் இந்தப் பழக்கத்தை என்னால் பொறுக்க முடிவதில்லை. மாற்கு 9:24இல் ஒரு தகப்பன் இயேசுவிடம் கதறுகிறார்: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இயேசு அளந்து பார்க்கவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். இதை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்புறம் மாத்திரை டப்பா எங்கே என்று கேட்டேன்.

இனித் தமிழ்ச் சொல். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ‘நம்பிக்கை’. இதை ‘நம்பி கை வைப்பது’ என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. ‘கை’ இங்கே வாழ்க்கை, சேர்க்கை என்பவற்றில் வருவது போன்ற விகுதிதான். நம்பு என்ற வினை மிகப் பழையது. “நம்பும் மேவும் நசையாகும்மே” என்கிறது தொல்காப்பியம். நசை என்றால் விருப்பம். தமிழில் நம்புவது முதலில் விரும்புவதாக இருந்திருக்கிறது! வடமொழிக்காரர் மூச்சிலிருந்து வந்த இடத்துக்கு நாம் ஆசையிலிருந்து வந்திருக்கிறோம். திருக்குறளோ ஒருவரை நம்புவதைத் ‘தெளிதல்’ என்கிறது. “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்” (510). ஆராயாமல் நம்புவதும் தவறு, ஆராய்ந்து நம்பியவர்மேல் சந்தேகப்படுவதும் தவறு. ‘பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை விசுவாசம் என்று நினைத்து அனுப்பும் என் மாணவர்களுக்கு இந்தக் குறளின் முதல் பாதியை எழுதிக் காட்டுவேன்.

ஆனால் நம்பிக்கையில் ஒரு சிக்கல் உண்டு. பழைய திருப்புதலில் 1 கொரிந்தியர் 13:13, “விசுவாசம், நம்பிக்கை, அன்பு” என்று போகும். அங்கே நம்பிக்கை என்பது வரப்போவதை எதிர்பார்த்திருப்பது. 1995இல் வந்த திருவிவிலியம் அதையே “நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு” என்றாக்கியது. முதலாம் இடத்துக்கு நம்பிக்கை ஏறிக்கொள்ள, அதன் பழைய இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. இரண்டு மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு கூட்டாக ஜெபிக்கும்போது, ‘நம்பிக்கை’ என்றதும் ஒரு சபையார் ஒன்றையும் அடுத்த சபையார் வேறொன்றையும் நினைப்பார்கள்.

என் முடிவு இது. எழுதும்போது கடவுள்மேல் வைப்பதற்கு நம்பிக்கை, வரப்போவதற்கு எதிர்நோக்கு, மாறாமல் நிற்பதற்குப் பற்றுறுதி என்று பிரித்து எழுதுகிறேன். விசுவாசப்பிரமாணத்தை நம்பிக்கை அறிக்கை என்பது தெளிவாகவே இருக்கிறது. ‘விசுவாசி’க்கு நம்பிக்கையாளர் என்கிறார்கள், அது இன்னும் வாயில் படியவில்லை. கிராமத்து வீடுகளில் ஜெபிக்கப் போனால் மட்டும் விசுவாசம் என்றே சொல்கிறேன். அந்த அம்மாவிடமும் அப்படியே சொன்னேன், அதற்குள் சுவாசம் இருப்பதைக் காட்டி. “அப்படியா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, சுவாசம், விசுவாசம் என்று இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள்.