ஒரே தொகை, வேறு வேறு பெயர்கள்

தேர்தல் காலக் கருத்துக்கணிப்புகளுக்குத் தமிழில் கேள்வித்தாள் எழுதுவது என் தொழில். யாருக்கு வாக்களிப்பது என்று கடைசி வாரம் வரை முடிவு செய்யாத நடுநிலை வாக்காளர்களிடம்தான் நாங்கள் அதிக நேரம் செலவிடுகிறோம். இரு தரப்பு வாதங்களையும் கேட்டு எடைபோடுபவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு, அது உண்மையும்கூட. ஆனால் தராசில் ஏற்றப்படும் பொருளுக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பதைப் பெரும்பாலும் அவர்கள் கவனிப்பதில்லை.

ஒருமுறை, கேள்வித்தாளைச் சரிபார்ப்பதற்கான முன்னோட்டக் களப்பணியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் இலவசமாகத் தருவது சரியா என்று கேட்டபோது, அது மக்களைச் சோம்பேறிகளாக்கிவிடும் என்றார். பத்துக் கேள்விகள் கழித்து, மகளிர் உரிமைத் தொகை தொடர வேண்டுமா என்று கேட்டேன். கட்டாயம் தொடர வேண்டும், காலம் முழுவதும் வீட்டில் உழைப்பவர்களுக்கு வேறு என்ன கிடைக்கிறது என்றார். அவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசவில்லை. ஒரே தொகையை நான்தான் இரண்டு பொருள்களாக்கி அவர் முன் வைத்திருந்தேன்.

இந்தப் பெயர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. 2006 தேர்தலில் தி.மு.க. அறிவித்த வண்ணத் தொலைக்காட்சி 'இலவசம்' என்றே அழைக்கப்பட்டது. 2011இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு, மிக்சி, கிரைண்டர், மடிக்கணினி ஆகியவற்றை 'விலையில்லா' பொருள்கள் என்றது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தி.மு.க. அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் பெயரில் 'உரிமை' என்ற சொல் இடம்பெற்றது. இலவசம் என்றதும் கொடுப்பவரின் கை மேலேயும் வாங்குபவரின் கை கீழேயும் போய்விடுகின்றன. விலையில்லா என்னும்போது இருவரும் மறைந்து பொருள் மட்டுமே மிஞ்சுகிறது. உரிமை என்றாலோ, கொடுக்கும் அரசே கடன்பட்டதாகிவிடுகிறது. வாதம் தொடங்கும் முன்பே யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்பதைச் சொல் தீர்மானித்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் சொற்களும் இதே வேலையைச் செய்கின்றன. 2022 ஜூலையில் புந்தேல்கண்ட் விரைவுச்சாலையைத் திறந்துவைத்த பிரதமர் நரேந்திர மோடி, 'ரேவடி' கலாசாரம் நாட்டுக்கு ஆபத்தானது என்று பேசினார். ரேவடி என்பது எள் சேர்த்துச் செய்யும் ஓர் இனிப்பு. பங்கிடுபவர் திரும்பத் திரும்பத் தன்னைச் சேர்ந்தவர்களுக்கே அதைத் தருகிறார் என்னும் பழமொழியின் நிழல் இந்திச் சொல்லில் உண்டு. தமிழில் அது 'இலவசக் கலாசாரம்' ஆனபோது பாரபட்சம் பற்றிய குறிப்பு உதிர்ந்துபோய், வாங்குபவரின் மீதான குறை மட்டும் தங்கிவிட்டது. மொழிபெயர்ப்பிலேயே குற்றம் சாட்டப்படுபவர் மாறிவிடுவதை இங்கே காண்கிறேன்.

எந்தப் பெயரும் சிலவற்றை வெளிச்சத்தில் வைத்துச் சிலவற்றை மறைக்கிறது. உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள்ளும் ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்ற வரம்புகள் இருந்தன. தகுதி பார்த்துத் தரப்படுவதை உரிமை என்று அழைக்கலாமா என்ற நியாயமான கேள்வி அந்தப் பெயருக்குள் அடங்கிப்போகிறது. அதேபோல், 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி விகிதத்தை, பிற சலுகைகளை விட்டுக்கொடுப்போருக்கு மத்திய அரசு 22 விழுக்காடாகக் குறைத்தபோது, அதற்கு 'ஊக்குவிப்பு' என்ற பெயர் கிடைத்தது. செலவும் வரி இழப்பும் ஒன்றல்ல என்று பொருளியலாளர்கள் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தைக் கேட்கும் வாய்ப்பையே பெயர் வாக்காளரிடமிருந்து பறித்துவிடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வில் 1980களிலிருந்து ஒரு பாதியினரிடம் 'வெல்ஃபேர்' (அரசின் நல உதவி) செலவு பற்றியும், மறுபாதியினரிடம் 'ஏழைகளுக்கான உதவி' பற்றியும் கேட்டு வருகிறார்கள். செலவு போதாது என்று சொல்பவர்கள் இரண்டாவது சொற்றொடருக்கே எப்போதும் மிக அதிகம்.

மேடைப் பேச்சையோ கைப்பேசியில் வரும் காணொளியையோ கேட்கும்போது பெயர்ச்சொல்லை நீக்கிவிட்டு, யார் யாருக்கு எவ்வளவு தருகிறார்கள், எந்த நிபந்தனையில் தருகிறார்கள் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். எங்கள் கேள்வித்தாளிலும் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்: "குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களின் பெண்களுக்கு மாநில அரசு மாதம் 1,000 ரூபாயை வங்கிக் கணக்கில் செலுத்துவதைத் தொடரலாமா?" இதைப் படித்துக்காட்ட அதிக நேரமாகிறது. பதில் சொல்வதற்கு முன், மொத்தம் எத்தனை பேருக்கு, பணம் எங்கிருந்து வருகிறது என்று பலர் எங்களையே திருப்பிக் கேட்கிறார்கள்.