கொலை செய்த படைக்கு அமெரிக்கா பயிற்சி தரலாமா? லேஹி சட்டம் என்ன சொல்கிறது

1981 டிசம்பரில் எல் சால்வடாரின் எல் மொசோட்டே கிராமத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற அட்லகாட்ல் படைப்பிரிவு, அமெரிக்கப் பயிற்சியில் வளர்ந்தது. 1989இல் ஆறு யேசு சபைப் பாதிரியார்களையும், வீட்டு வேலை பார்த்த பெண்ணையும், அவர் மகளையும் சுட்டுக் கொன்றதும் அதே பிரிவுதான்.

இப்படிப்பட்ட பிரிவுகளுக்கு அமெரிக்க மக்களின் வரிப்பணம் போகக் கூடாது என்று வெர்மான்ட் மாநில செனட்டர் பேட்ரிக் லேஹி கொண்டுவந்ததுதான் லேஹி சட்டம். 1997 நிதியாண்டில் போதைப்பொருள் தடுப்பு உதவிக்கு மட்டும் இருந்த விதி, அடுத்த ஆண்டே வெளியுறவுத் துறையின் மற்றப் பாதுகாப்பு உதவிகளுக்கும் விரிந்தது. ஆனால் பென்டகனின், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின், பணம் தனிக் கணக்கு. 1991இல் கிழக்குத் திமோரின் டிலி நகரில் இந்தோனேசியப் படையினர் நடத்திய படுகொலைக்குப் பிறகு இந்தோனேசியாவுக்கான பயிற்சி நிதியை அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்தியும், அந்நாட்டின் கொபாசஸ் சிறப்புப் படைக்குப் பென்டகன் வேறு வழியில் பயிற்சி தந்துகொண்டிருந்தது 1998இல் அம்பலமானது. அந்த ஆண்டே பென்டகன் பயிற்சிக்கும் இதே மாதிரி விதி வந்தது. தளவாட உதவியும் அதில் சேர 2014 ஆனது.

விதி இதுதான்: சித்திரவதை, சட்டத்துக்குப் புறம்பான கொலை, ஆட்களைக் காணாமல் ஆக்குதல், சீருடை அதிகாரத்தில் செய்யும் வல்லுறவு போன்ற கொடிய மனித உரிமை மீறலில் ஒரு பிரிவு ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் இருந்தால் அதற்கு உதவி கிடையாது. நீதிமன்றத் தீர்ப்பு வரவேண்டும் என்பதில்லை. பத்திரிகைச் செய்தி, மனித உரிமை அமைப்பின் அறிக்கை, பாதிக்கப்பட்டவர் சொன்ன வாக்குமூலம் எல்லாம் கணக்கில் வரும். அதனால்தான் மீறலைப் பதிவு செய்பவர்கள் தேதி, இடத்தோடு எந்தப் பிரிவு என்பதையும் எழுதி வைப்பது முக்கியம். பிரிவின் பெயர் இல்லாத புகாரை வைத்து இந்தச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சரி, யார் சரிபார்க்கிறார்கள்? பயிற்சிக்கு ஓர் அதிகாரி தேர்வானால் அவர் பெயரையும் பிரிவையும் அந்த நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் முதலில் அலசும். பிறகு வாஷிங்டனில் வெளியுறவுத் துறை பார்க்கும்.

ஒரு பிரிவு சிக்கினால் அந்த நாட்டுக்கே தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பக்கத்து முகாமில் இருக்கும் இன்னொரு பிரிவுக்குப் பணம் தாராளமாகப் போகலாம். குற்றவாளிகளைத் தண்டிக்க அந்த அரசு உருப்படியான நடவடிக்கை எடுக்கிறது என்றால் வெளியுறவுத் துறை தடையை நீக்கலாம். அசாதாரணச் சூழல் என்று சொல்லி விலக்குத் தரும் அதிகாரம் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சருக்கு மட்டும் உண்டு. கொபாசஸுடனான உறவை 1999இல் முறித்த அமெரிக்கா, அதை மீண்டும் தொடங்கப்போவதாக 2010இல் அறிவித்தது. இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது: ஒரு நாடு தன் சொந்தப் பணத்தில் வாங்கும் ஆயுதங்களை இந்தச் சட்டம் தொடாது.

இலங்கை ராணுவத் தளபதியாக இருந்த ஷவேந்திர சில்வாவுக்கு 2020 பிப்ரவரியில் அமெரிக்கா விதித்த நுழைவுத் தடையையும் சிலர் லேஹி சட்டம் என்கிறார்கள். அது வேறு சட்டப் பிரிவு. தனிநபரும் அவருடைய நெருங்கிய குடும்பத்தாரும் அமெரிக்காவுக்குள் வருவதைத்தான் அது தடுக்கிறது. பயிற்சிப் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.